100 கிராம் எண்ணெய் எத்தனை மில்லி?

100 கிராம் ஜோஜோபா எண்ணெயை 100 மில்லி புட்டியில் ஊற்றினால், புட்டி கழுத்து வரை நிரம்பிய பிறகும் பாத்திரத்தில் மிச்சம் இருக்கும். அதே புட்டியில் 100 கிராம் கிராம்பு எண்ணெயை ஊற்றினால், 100 மில்லி கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். புட்டியும் அதே, எடையும் அதே. பிடிக்கும் இடம்தான் வேறு.

முக எண்ணெய், தலைமுடி எண்ணெய், கிரீம், சோப்பு என்று வீட்டிலேயே ஏதாவது செய்யத் தொடங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். செய்முறை கிராமில் இருக்கும். வாங்கிய எண்ணெய் புட்டியில் மில்லி என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து அப்படியே ஊற்றிவிடுகிறவர்களே அதிகம். சில எண்ணெய்களில் அது பெரிய தவறில்லை. சிலவற்றில் கலவையே மாறிப்போகும். எதில் கவலைப்படலாம், எதில் கண்டுகொள்ள வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் போதும். கணக்கு ஒரே ஒரு வகுத்தல்தான்.

கிராம் என்பது எடை. ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்பதைச் சொல்வது. மில்லி என்பது கன அளவு. அந்தச் சரக்கு எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைச் சொல்வது. இரண்டையும் ஒன்றாக நினைக்கும் பழக்கம் தண்ணீரால் வந்தது. பிரான்சில் 1795-இல் மெட்ரிக் அளவுகளை வகுத்தபோது, ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையைத்தான் கிராம் என்று வைத்தார்கள். ஒரு கன சென்டிமீட்டர் என்பது ஒரு மில்லி. ஆகவே தண்ணீருக்கு 1 கிராம் = 1 மில்லி என்பது தற்செயல் இல்லை, அப்படியே பொருத்தி வைத்த ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாடு தண்ணீருக்கு மட்டும்தான்.

எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது. அதாவது ஒரு மில்லி எண்ணெய் ஒரு மில்லி தண்ணீரைவிட லேசானது. ஒரு மில்லிக்கு எத்தனை கிராம் என்று சொல்லும் எண்ணுக்குத்தான் அடர்த்தி என்று பெயர். பாதாம் எண்ணெயின் அடர்த்தி ஏறத்தாழ 0.915. அப்படியென்றால் அதில் ஒரு மில்லி 0.915 கிராம் எடை இருக்கும். இந்த ஓர் எண் கையில் இருந்தால் கிராமுக்கும் மில்லிக்கும் இடையே எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போய்வரலாம்:

மில்லி = கிராம் ÷ அடர்த்தி
கிராம் = மில்லி × அடர்த்தி

50 கிராம் பாதாம் எண்ணெய் வேண்டும், தராசு இல்லை, அளவு ஜாடிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50 ÷ 0.915 = 54.6 மில்லி. ஜாடியில் 54.6 பார்க்க முடியாது, 54-க்கும் 55-க்கும் நடுவில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மாறாக, 30 மில்லி புட்டியில் எத்தனை கிராம் பாதாம் எண்ணெய் இருக்கிறது என்றால் 30 × 0.915 = 27.5 கிராம்.

வகுக்க வேண்டுமா பெருக்க வேண்டுமா என்று குழம்புகிறவர்களுக்கு மிதப்பதே துணை. மிதக்கும் எண்ணெய் எதுவானாலும் மில்லி எண் கிராம் எண்ணைவிடப் பெரிதாக வர வேண்டும். 50 கிராமுக்கு 45.75 மில்லி என்று விடை வந்தால், வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். கிராம்பு எண்ணெய் போலத் தண்ணீரில் மூழ்கும் சிலவற்றுக்கு மட்டும் இது தலைகீழ்.

சரி, எந்த எண்ணெய்க்கு எந்த எண்? சாதாரண அறை வெப்பத்தில் கிட்டத்தட்ட இப்படி:

ஸ்குவாலேன் (முக எண்ணெய்களில் சேர்க்கும் லேசான எண்ணெய்) – 0.81
இனிப்பு ஆரஞ்சு தோல் எண்ணெய் – 0.845
ஜோஜோபா – 0.865
லாவெண்டர் எண்ணெய் – 0.885
டீ ட்ரீ எண்ணெய் – 0.895
ஆர்கன் – 0.912
ஆலிவ் – 0.913
பாதாம் – 0.915
நல்லெண்ணெய் – 0.919
சூரியகாந்தி – 0.92
தேங்காய் எண்ணெய் (உருகிய நிலையில்) – 0.92
திராட்சை விதை எண்ணெய் – 0.922
வைட்டமின் ஈ எண்ணெய் – 0.95
விளக்கெண்ணெய் – 0.96
கிராம்பு எண்ணெய் – 1.05

ஒவ்வொரு எண்ணும் ஒரு சிறு வரம்புக்குள் ஏறி இறங்கும். விளைந்த இடம், பிழிந்த விதம், சுத்திகரித்த அளவு எல்லாம் மூன்றாவது தசம இடத்தில் கை வைக்கும். அதனால் 0.915-ஆ 0.917-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாங்கிய இடத்தில் அந்த எண்ணெயின் பகுப்பாய்வுச் சான்றிதழ் கேட்டால் அதில் அடர்த்தி அல்லது ஒப்படர்த்தி என்று ஒரு வரி இருக்கும். ஒப்படர்த்தி என்பது தண்ணீரோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். நம் வேலைக்கு அதை அடர்த்தியாகவே எடுத்துக்கொள்ளலாம். வித்தியாசம் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது.

பட்டியலின் நடுப்பகுதியைப் பார்த்தால் ஒன்று புரியும். விதையிலிருந்தும் பழத்திலிருந்தும் பிழியும் சாதாரண எண்ணெய்கள் எல்லாம் 0.91-க்கும் 0.925-க்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு எண்ணெயின் அடர்த்தி தெரியவில்லையா, இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று மட்டும் பாருங்கள். ஆமென்றால் 0.92 என்று போட்டுக்கொள்ளலாம், பிழை ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். தொந்தரவு கொடுப்பவை எல்லாம் பட்டியலின் இரு ஓரங்களில் இருப்பவை: ஸ்குவாலேன், ஜோஜோபா, விளக்கெண்ணெய், எசென்ஷியல் ஆயில் எனப்படும் நறுமண எண்ணெய்கள். அழகுசாதனச் செய்முறைகளில் அடிக்கடி வருபவையும் இவைதான் என்பதுதான் சங்கடம்.

இவை ஏன் ஒதுங்கி நிற்கின்றன? பாதாம், ஆலிவ் போன்றவற்றின் மூலக்கூறு, கிளிசரின் என்ற சிறு முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும் அமைப்பு. அமைப்பு ஒன்றே என்பதால் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றே. ஜோஜோபாவை எண்ணெய் என்று அழைத்தாலும் அது திரவ நிலையில் உள்ள மெழுகு. அதில் கிளிசரின் முதுகெலும்பே கிடையாது. நீண்ட அமிலமும் நீண்ட ஆல்கஹாலும் தலையோடு தலை சேர்ந்த ஒற்றைச் சங்கிலி. ஆக்சிஜன் அணுக்களின் பங்கு குறைவு, ஆகவே லேசு. ஸ்குவாலேனில் ஆக்சிஜனே இல்லை, வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான், அதனால் இன்னும் லேசு. விளக்கெண்ணெய் எதிர்ப்பக்கம். அதன் கொழுப்பு அமிலங்களில் பெரும்பங்கு ரிசினோலிக் அமிலம். அந்தச் சங்கிலியின் நடுவே ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி) ஒட்டிக்கொண்டிருக்கும். அவை ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் மூலக்கூறுகள் நெருங்கி நிற்கின்றன. விளக்கெண்ணெய் பிசுபிசுவென்று கெட்டியாக இருப்பதற்கும் இதே பிடிப்புதான் காரணம்.

கெட்டியாக இருப்பதும் அடர்த்தியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விளக்கெண்ணெயில் இரண்டும் சேர்ந்து வருவதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். மெதுவாக ஒழுகுவது பிசுக்குமை. இடத்துக்கு எத்தனை கிராம் என்பது அடர்த்தி. தண்ணீர் போல ஓடும் கிராம்பு எண்ணெய், கெட்டியான விளக்கெண்ணெயைவிட அடர்த்தியானது. கையில் ஊற்றிப் பார்த்து அடர்த்தியை ஊகிக்க முடியாது.

இப்போது ஒரு முழுக் கலவையைப் பார்க்கலாம். உடம்புக்குப் பூசும் எண்ணெய் ஒன்று, எடைச் சதவீதத்தில் எழுதியது: ஜோஜோபா 50, பாதாம் 29, விளக்கெண்ணெய் 20, லாவெண்டர் 1. கையில் இருப்பது 100 மில்லி புட்டி. எத்தனை கிராம் தயாரிக்க வேண்டும்?

முதலில் 100 கிராம் கலவை எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்ப்போம். ஜோஜோபா 50 ÷ 0.865 = 57.80 மில்லி. பாதாம் 29 ÷ 0.915 = 31.69. விளக்கெண்ணெய் 20 ÷ 0.96 = 20.83. லாவெண்டர் 1 ÷ 0.885 = 1.13. கூட்டினால் 111.45 மில்லி. அதாவது 100 கிராம் தயாரித்தால் புட்டி நிரம்பி 11 மில்லிக்கு மேல் வெளியே நிற்கும். கலவையின் அடர்த்தி 100 ÷ 111.45 = 0.897. ஆகவே 100 மில்லி புட்டிக்கு 89.7 கிராம் போதும். அதை அதே சதவீதத்தில் பிரித்தால் ஜோஜோபா 44.9 கிராம், பாதாம் 26.0, விளக்கெண்ணெய் 17.9, லாவெண்டர் 0.9.

அடர்த்திகளைச் சதவீதப்படி நேரடியாகச் சராசரி எடுத்தால் 0.899 வருகிறது. சரியான விடை 0.897. எண்ணெய்களுக்குள் இந்த வித்தியாசம் அற்பம் என்பதால் அவசரத்துக்குச் சராசரி எடுப்பதில் தவறில்லை. கிளிசரின் போன்ற 1.26 அடர்த்தி கொண்ட ஒன்று கலவையில் இருந்தால் மட்டும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வகுத்துக் கூட்டுங்கள்.

இதே கலவையை ஒரு கிலோ செய்து 30 மில்லி புட்டிகளில் அடைப்பவருக்கு எத்தனை புட்டி வேண்டும்? ஒரு கிராம் ஒரு மில்லி என்று நினைத்தவர் 33 வாங்கி வைத்திருப்பார். உண்மையில் கலவை ஏறத்தாழ 1,115 மில்லி, 37 புட்டி. பாத்திரத்தில் ஒட்டுவதைக் கழித்தாலும் 33-இல் அடங்காது.

செய்முறைகள் ஏன் கிராமில் எழுதப்படுகின்றன, எல்லாவற்றையும் மில்லியிலேயே எழுதித் தொலைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். எடை கூட்டல் கணக்குக்குக் கட்டுப்படும், கன அளவு கட்டுப்படாது. 50 கிராம் தண்ணீரும் 50 கிராம் ஆல்கஹாலும் சேர்ந்தால் 100 கிராம். 50 மில்லி தண்ணீரும் 50 மில்லி ஆல்கஹாலும் சேர்ந்தால் 100 மில்லி வராது. 96, 97 மில்லியில் நின்றுவிடும். மூலக்கூறுகள் ஒன்றின் இடுக்கில் ஒன்று புகுந்துகொள்கின்றன. எண்ணெயோடு எண்ணெய் கலப்பதில் இந்தச் சுருக்கம் பெரிதாகத் தெரியாது என்றாலும், கிரீமும் டோனரும் செய்யும்போது தெரியும்.

இரண்டாவது காரணம் வெப்பம். எண்ணெய் சூடானால் விரியும். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் அடர்த்தி ஏறத்தாழ 0.0007 குறையும். அறை வெப்பம் 20-இலிருந்து 32 டிகிரிக்குப் போனால் மாற்றம் ஒரு சதவீதத்துக்கும் கீழே, விட்டுவிடலாம். ஆனால் மெழுகோடு சேர்த்து 70 டிகிரிக்குச் சூடாக்கிய பாதாம் எண்ணெயின் அடர்த்தி 0.915 இல்லை, 0.88 பக்கம். அந்தச் சூட்டில் ஜாடியால் 100 மில்லி அளந்தால் ஆறிய பின் 96 மில்லிதான் இருக்கும். தைலத்தைச் சூடாகவே டப்பாவில் விளிம்பு வரை ஊற்றி வைத்தவர்கள், மறுநாள் பார்த்தால் நடுவில் குழி விழுந்திருப்பதைக் கவனித்திருப்பார்கள். யாரும் எடுத்துவிடவில்லை, சுருங்கியதுதான். தராசில் வைத்துப் பார்த்தால் எடை அப்படியே இருக்கும்.

மூன்றாவது, ஒட்டுவது. விளக்கெண்ணெயை ஜாடியில் 20 மில்லி கோடு வரை ஊற்றி, அதைக் கலவைப் பாத்திரத்தில் கவிழ்த்துப் பாருங்கள். சுவரெங்கும் ஒரு படலம் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கும். எவ்வளவு நேரம் கவிழ்த்து வைத்தாலும் 20 மில்லியும் வந்து சேராது. தராசில் இந்தப் பிரச்சினையே இல்லை. கலவைப் பாத்திரத்தைத் தராசில் வைத்து, டேர் பட்டனை அழுத்திப் பூஜ்ஜியம் ஆக்கி, புட்டியிலிருந்து நேராக ஊற்றுகிறோம். அடுத்த எண்ணெய்க்கு மறுபடி பூஜ்ஜியம். கழுவ வேண்டிய ஜாடியும் மிச்சம்.

ஷியா பட்டர், உறைந்த தேங்காய் எண்ணெய், தேன்மெழுகுத் துருவல் போன்றவற்றைக் கரண்டியில் அளப்பதைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. இடையில் எவ்வளவு காற்று என்று யாருக்கும் தெரியாது. எடை போடுங்கள்.

எண்ணெய்க் கலவையில் நாலைந்து சதவீதம் பிசகினால் தோலுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, கொஞ்சம் பிசுக்கு கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். பிசகக் கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று சோப்பு, இன்னொன்று நறுமண எண்ணெய்.

சோப்பில் எண்ணெய்க்கும் காஸ்டிக் சோடாவுக்கும் நடப்பது வேதிவினை. இத்தனை கிராம் எண்ணெய்க்கு இத்தனை கிராம் காரம் என்பது கறாரான கணக்கு. ஆலிவ் எண்ணெய் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 0.134 கிராம் காஸ்டிக் சோடா. 500 கிராம் எண்ணெய்க்கு 67 கிராம். பாதுகாப்புக்காக 5 சதவீதம் குறைத்துப் போடுவது வழக்கம் என்பதால் 63.7 கிராம். இப்போது ஒருவர் 500 கிராமுக்குப் பதில் 500 மில்லி ஆலிவ் எண்ணெயை ஊற்றிவிடுகிறார். அவர் ஊற்றியது 456.5 கிராம்தான். அதற்குத் தேவையான காரம் மொத்தமே 61.2 கிராம். போட்டதோ 63.7. பாதுகாப்புக்கு வைத்த 5 சதவீதமும் தீர்ந்து, அதற்கு மேலும் 2.5 கிராம் காரம் வினைபுரிய எண்ணெய் கிடைக்காமல் சோப்பிலேயே தங்கிவிடும். அந்தச் சோப்பு தோலை அரிக்கும். மில்லியில் எழுதிய சோப்புச் செய்முறை எங்காவது கண்ணில் பட்டால் அதைச் செய்து பார்க்காமல் கடந்துபோவதே நல்லது.

நறுமண எண்ணெயில் சிக்கல் வேறு மாதிரி. கிராம்பு எண்ணெய் தோலை எளிதில் எரிச்சலூட்டக்கூடியது, மிகக் குறைந்த சதவீதத்தில்தான் சேர்ப்பார்கள். 0.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, எடையில் அல்லாமல் மில்லியில் அளந்து ஜோஜோபாவில் கலக்கிறோம்: கிராம்பு 0.5 மில்லி, ஜோஜோபா 99.5 மில்லி. கிராம்பின் எடை 0.525 கிராம். ஜோஜோபா 86.07 கிராம். மொத்தம் 86.6. கிராம்பின் பங்கு 0.61 சதவீதம். வரம்பைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். அடர்த்தி அதிகமானதை அடர்த்தி குறைந்ததில் கரைக்கும்போதெல்லாம் இப்படித்தான் ஆகும். லாவெண்டரைப் பாதாமில் மில்லிக் கணக்கில் கலந்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள் என்பதால் பிழை தெரியவே தெரியாது. ஆகவே சதவீதம் பார்க்கும்போது அது எடைச் சதவீதமா கன அளவுச் சதவீதமா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால், அழகுசாதனத் தயாரிப்பில் எடைச் சதவீதம்தான் வழக்கம்.

அவுன்ஸ் ஒரு தனித் தலைவலி. ஆங்கிலத்தில் எழுதிய செய்முறைகளில் ஒரே பெயரில் இரண்டு அளவுகள் உலவுகின்றன. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் என்பது கன அளவு; அமெரிக்கக் கணக்கில் 29.57 மில்லி, பிரிட்டிஷ் கணக்கில் 28.41 மில்லி. 4 அவுன்ஸ் புட்டி என்று விற்பது திரவ அவுன்ஸ், 118 மில்லி. செய்முறையில் 4 அவுன்ஸ் பாதாம் எண்ணெய் என்று இருந்து அது எடை அவுன்ஸாக இருந்தால் 113.4 கிராம், அதாவது 124 மில்லி. 4 அவுன்ஸ் எண்ணெய் 4 அவுன்ஸ் புட்டியில் அடங்காது என்ற விசித்திரம் இப்படி வருகிறது. சோப்புச் செய்முறையில் வரும் அவுன்ஸ் எடைதான் என்று எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றில், திரவ அவுன்ஸ் என்று தனியே குறிப்பிட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கப், மேசைக்கரண்டி எல்லாம் இதைவிட மோசம். அமெரிக்கக் கப் ஏறத்தாழ 237 மில்லி, மெட்ரிக் கப் 250. மேசைக்கரண்டி பொதுவாக 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20. எந்த நாட்டுச் செய்முறை என்று தெரியாமல் இதை மாற்றவே முடியாது.

பட்டியலில் இல்லாத எண்ணெய் ஒன்று கையில் இருக்கிறது, சான்றிதழும் இல்லை. அப்போது அடர்த்தியை நாமே அளந்துவிடலாம். தராசில் சின்னக் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியம் ஆக்குங்கள். ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் எண்ணெயை 10 கோடு வரை இழுங்கள். காற்றுக்குமிழி இருந்தால் சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்துத் தட்டி வெளியேற்றிவிட்டு மறுபடி கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். கெட்டியான எண்ணெயில் குமிழி மேலே ஏறவே நேரம் எடுக்கும், பொறுமை வேண்டும். சிரிஞ்சின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டுக் கிண்ணத்தில் மெதுவாகத் தள்ளுங்கள். தராசு 9.15 காட்டினால் அடர்த்தி 0.915. முதலில் தண்ணீரில் ஒரு முறை செய்து பார்ப்பது நல்லது. 10-க்கு நெருக்கமாக வரவில்லை என்றால் சிரிஞ்சின் கோடோ தராசோ சரியில்லை.

இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். ஒரு கிராம் ஒரு கிராமாக ஏறும் சமையலறைத் தராசில் 10 மில்லியை நிறுத்தால் 9 என்றுதான் காட்டும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அந்தத் தராசுதான் இருக்கிறது என்றால் 500 மில்லி அளந்து நிறுங்கள். 457 அல்லது 458 என்று காட்டும், வகுத்துக்கொள்ளலாம்.

ஜாடியில் அளக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெயின் மேற்பரப்பு ஜாடிச் சுவரோரம் சற்றே ஏறி நடுவில் குழிந்திருக்கும். கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டுபோய் குழிவின் அடிப்பகுதி எந்தக் கோட்டில் இருக்கிறது என்று படிக்க வேண்டும். நின்றபடி மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும்.

இதுவரை தராசுக்கு வக்காலத்து வாங்கினாலும், மில்லிதான் ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. மிகச் சிறிய அளவுகள். மேலே பார்த்த கலவையில் லாவெண்டர் 0.9 கிராம். ஒரு கிராம் படியில் ஏறும் தராசில் இதை நிறுக்க முயல்வது வீண். இன்னொரு தந்திரமும் அந்தத் தராசுகளில் இருக்கிறது. பூஜ்ஜியம் நிலையாக நிற்பதற்காக, மிகச் சிறிய மாற்றங்களைத் தானாகவே பூஜ்ஜியமாக்கிக்கொள்ளும்படி பல மின்னணுத் தராசுகளை அமைத்திருப்பார்கள். டேர் செய்த உடனே ஒவ்வொரு சொட்டாக நிதானமாக விட்டால், ஒவ்வொரு சொட்டையும் அது விழுங்கிக்கொண்டே பூஜ்ஜியம் என்று காட்டும். எதிர்பார்த்ததைவிட அதிகம் ஊற்றிய பிறகுதான் எண் அசையும். இந்த மாதிரி நேரத்தில் 1 மில்லி சிரிஞ்சுதான் கைகொடுக்கும். 0.9 ÷ 0.885 = 1.02 மில்லி. சிரிஞ்சில் 1 மில்லி இழுத்து, அதற்கு மேல் ஒரு சொட்டு. வேலை முடிந்தது. நறுமண எண்ணெய்களைச் சிரிஞ்சிலேயே விட்டு வைக்காதீர்கள், உந்துதண்டின் ரப்பர் ஊறி உப்பி இறுகிவிடும்.

அப்புறம் சொட்டுக் கணக்கு. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்ற வாய்ப்பாடு எங்கும் பரவிக் கிடக்கிறது. அது தண்ணீருக்கும் அதற்கென்று வடிவமைத்த சொட்டுக்குழாய்க்கும் சொன்னது. ஒரு சொட்டு எவ்வளவு பெரிதாக வளர்ந்து விழும் என்பது குழாய் நுனியின் சுற்றளவையும் திரவத்தின் பரப்பு இழுவிசையையும் (அதன் மேற்பரப்பு தன்னைத்தானே இழுத்துப் பிடிக்கும் விசை) பொறுத்தது. தாமஸ் டேட் என்பவர் 1864-இல் வகுத்துச் சொன்ன விதி இது. தண்ணீரின் பரப்பு இழுவிசையில் பாதிக்கும் குறைவுதான் எண்ணெய்களுக்கு. அதனால் அதே நுனியிலிருந்து விழும் எண்ணெய்ச் சொட்டு சிறியது. 20 சொட்டில் ஒரு மில்லி தண்ணீர் விழும் குழாயில் லாவெண்டர் எண்ணெய் 40 சொட்டு வரை போகலாம். ஆனால் நறுமண எண்ணெய் புட்டிகளின் வாயில் செருகியிருக்கும் பிளாஸ்டிக் அடைப்பின் துளை ஒவ்வொரு தயாரிப்பிலும் ஒவ்வொரு அளவு. ஒன்றில் 25 சொட்டு, இன்னொன்றில் 40. எனவே பொதுவாக ஓர் எண்ணைச் சொல்ல வழியே இல்லை.

வேண்டுமானால் உங்கள் புட்டிக்கு மட்டும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். நல்ல தராசில் கிண்ணத்தை வைத்து, 50 சொட்டு எண்ணி விட்டு, மொத்த எடையைப் பாருங்கள். 1.20 கிராம் என்றால் ஒரு சொட்டு 0.024 கிராம். லாவெண்டரின் 0.885-ஆல் வகுத்தால் 0.027 மில்லி, அதாவது மில்லிக்கு 37 சொட்டு. அந்தப் புட்டியில் இதை எழுதி ஒட்டிவிட்டால் அது தீரும் வரை 0.9 கிராமுக்கு 37, 38 சொட்டு என்று எண்ணியே விடலாம். நிறுத்த எண்ணெயைக் கொட்ட வேண்டாம், கலவையிலேயே சேர்த்துவிடுங்கள். புட்டி மாறினால் மறுபடியும் 50 எண்ண வேண்டும்.